அப்பாவுக்கு இல்லாத விடுமுறை

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊருக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் விடுமுறை வரும். பதினைந்தாம் தேதி நாடு முழுவதற்கும், பதினாறாம் தேதி புதுச்சேரிக்கு மட்டும். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் சட்டப்படி கைமாறிய நாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். நாங்கள் அதைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. முதல் நாள் கொடியேற்றி மிட்டாய் வாங்கினோமா, மறுநாள் விடிந்த பிறகும் தூங்கினோமா, அவ்வளவுதான். சுதந்திரம் எங்களுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

அப்பாவுக்கு மட்டும் அந்த இரண்டாவது நாள் கிடையாது. அவர் வேலை பார்த்த கம்பெனி கடலூரில் இருந்தது. கடலூர் தமிழ்நாடு. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் எங்கள் விடுமுறை செல்லாமல் போய்விடும். ஊரே போர்வைக்குள் இருக்கும் அந்தக் காலையில் அப்பா மட்டும் குளித்து, சட்டை மாட்டி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

எனக்கு இப்போது ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவதென்றால் முதல் நாளே பட்டியல் எழுதுகிறேன். மாற்று உடை இரண்டு, துண்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், என் கைபேசி எண்ணை எழுதி அவள் கையில் கட்ட ஒரு பட்டை. எல்லாம் எடுத்து வைத்த பிறகு இன்றைக்கு அலை அதிகமாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வரும். பல நாட்கள் மொட்டைமாடியிலேயே விளையாடி முடித்துவிடுகிறோம். அந்த நாட்களில் எனக்கு என் அம்மாவின் ஒரு ஆகஸ்ட் பதினாறு நினைவுக்கு வரும். அவளும் பயந்தவள்தான். தெரு முனையில் ஒரு சைக்கிள் வந்தால்கூட, அது கடந்து போகும்வரை எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. தம்பிக்கு ஐந்து முடிந்திருந்தது. புதுச்சேரியின் சாரம் பகுதியில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம்.

அப்பா எங்களை வெளியே கூட்டிப் போகாதவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தவறாமல் பீச் ரோடுதான். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் தடுப்பை இழுத்துப் போட்டு வண்டிகளை நிறுத்தியதும் ஊரே நடு ரோட்டில் நடக்கத் தொடங்கும். நாங்களும் நடப்போம். பிறகு சுவரில் வரிசையாக உட்காருவோம். கீழே பாறைக்கு இறங்கக்கூடாது. ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல். அப்பாவும் அம்மாவும் ஒரு பொட்டலத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். கலங்கரை விளக்கம் சுற்றத் தொடங்கியதும் எழுந்து வீட்டுக்குக் கிளம்புவோம். கடல் என்பது அப்பாவைப் பொறுத்தவரை பார்க்கிற பொருள். நகைக்கடைக் கண்ணாடிக்கு உள்ளே இருப்பதைப் போல.

ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் சுண்ணாம்பாற்றுப் படகில் போய் வந்திருந்தார்கள். கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் படகுத்துறை. அங்கே ஏறினால் ஆற்றின் வழியாகவே போய், கடலோரத்து மணல்திட்டில் இறக்கிவிடுவார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல். அங்கே காலை நனைக்கலாம், முழுக்கவே நனையலாம். இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டு வருடமாக "அடுத்த மாசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினைந்தாம் தேதி இரவு சாப்பிடும்போது அம்மா அந்தப் பேச்சை எடுத்தாள். அதுவரை அதை எடுப்பது என் வேலையாகவே இருந்தது.

"நாளைக்கு புள்ளைங்களுக்கு லீவு. போட்ல போகணும்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. நான் வேணா கூட்டிட்டுப் போயிட்டு வரட்டா?"

அப்பா கோபப்படவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"நீயா? எப்பிடிப் போவ? பஸ் ஸ்டாண்டுல எந்தப் பக்கம் நிக்கணும்னு தெரியுமா ஒனக்கு?"

அம்மாவும் சிரித்தாள். தம்பி எதற்கென்று தெரியாமலே சிரித்தான். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உண்மையில் அம்மா தனியாகப் பேருந்தில் ஏறி நான் பார்த்ததே இல்லை. அப்பா முன்னால் போவார், நாங்கள் பின்னால் போவோம், எந்த ஊருக்கு என்று ஏறிய பிறகு அவர் சொல்வார்.

"பாக்கலாம், அடுத்த மாசம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா கையைக் கழுவினார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது என்று அவரும் நானும் நினைத்தோம்.

மறுநாள் காலை அவர் தெரு திரும்பியதும் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து எங்கள் போர்வையை இழுத்தாள்.

"எழுந்திருங்க. பத்து மணிக்குக் கெளம்பணும்."

"எங்கம்மா?"

"போட்டுக்கு."

நான் அவளையே பார்த்தேன். அம்மாவின் முகம், ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவள் முகம் மாதிரி இருந்தது. ஆனாலும் பத்து மணி என்று சொன்னாள் பாருங்கள். உடனே கிளம்ப அவளால் முடியாது. அதற்குள் துணி துவைத்துக் காயப்போட்டாள், பாத்திரம் கழுவினாள், சாயந்திரத்துக்குக் காய் நறுக்கி மூடி வைத்தாள், கேஸை மூடினோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தாள். மதியத்துக்கு மட்டும் உலை வைக்கவில்லை. "இன்னிக்கு வெளிய சாப்புடறோம்" என்று அவள் சொன்னபோது தம்பி, "கல்யாணமா?" என்று கேட்டான்.

சாவியைக் கொடுக்க மாடிக்குப் போனோம். வீட்டுக்கார அம்மாளைத் தெருவே மதாம் என்றுதான் கூப்பிடும். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்.

"எங்க, எல்லாரும் பவுடர் போட்டுக்கிட்டு?" என்றார் மதாம்.

"இங்கதான் மதாம். பக்கத்துல."

"பக்கத்துலயா? பக்கத்துல போறதுக்கு ஏன் கொடை, துண்டு, தண்ணி பாட்டிலு?" மதாம் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டார். "சரி போ. நான் ஒன்னும் பாக்கல."

திட்டம் இதுதான். நாலரை மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் ஐந்தரைக்குள் வீடு. அப்பா ஆறரைக்கு வருவார். ஒரு மணி நேரத்தில் குளித்து, துணி மாற்றி, காலையில் இருந்த மாதிரியே உட்கார்ந்திருப்போம். அம்மா இதை எங்களுக்கு விளக்கவில்லை. நானே புரிந்துகொண்டேன், புரிந்துகொண்டதில் பெருமையும் பட்டேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாத ஒரு காரியத்தில் அம்மா என்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்! ஆள் ஏற்றும் டெம்போவில் பேருந்து நிலையம் போகும் வழியெல்லாம் தம்பியிடம் பாடம் எடுத்தேன். "அப்பா கேட்டா என்னா சொல்லணும்?" "வீட்லயே இருந்தோம்." "அப்புறம்?" "டிவி பாத்தோம்."

பேருந்து நிலையத்தில் 'கடலூர்' என்று பலகை போட்ட பேருந்து எங்கள் எதிரிலேயே நின்றது. அம்மா அதை வாசித்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் இது கடலூர் போகுமா என்று கேட்டாள். ஆமாம் என்றார். நோணாங்குப்பத்தில் நிற்குமா என்று பூ விற்கிறவளிடம் கேட்டாள். நிற்கும் என்றாள். நடத்துநரிடம் இரண்டையும் சேர்த்துக் கேட்டாள். உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு முன் இருக்கைப் பெண்மணியிடம் மறுபடி கேட்டபோது நடத்துநர் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, என்மேல நம்பிக்கை இல்லியா? போட் ஹவுஸ்ல நானே எறக்கி வுடறேன், போதுமா?" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். ஆனாலும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தாள்.

படகுத்துறையில் புதுச்சேரி முழுவதும் வந்து நின்றது. விடுமுறை நாள் அல்லவா. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் ஒருவர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளை எடுத்து எங்கள் கழுத்தில் மாட்டினார். அம்மா அதன் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"ஏம்பா, ஆறு எவ்ளோ ஆழம்?"

"பயப்படாதம்மா. இடுப்பளவுதான்."

"யாரு இடுப்பு?"

அவர் யோசித்தார். "என் இடுப்புன்னு வச்சிக்கயேன்."

"இடுப்பளவுதான்னா எதுக்குப்பா இந்தச் சட்டை?"

"அது ரூலும்மா" என்றார் அவர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. படகின் நடுவில், இரண்டு பக்கமும் சம தூரம் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, எங்கள் சட்டை வார்களை ஒரு கையிலும் படகின் கம்பியை மறு கையிலும் பிடித்துக்கொண்டாள். படகு கிளம்பியது. கரையோரம் அலையாத்திச் செடிகள் வேரைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றன. ஒரு வெள்ளைக் கொக்கு எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. தம்பி கையை நீட்டித் தண்ணீரைத் தொடப் பார்த்தான், அம்மா இழுத்தாள். மறுபடி நீட்டினான். மூன்றாம் முறை அவள் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் பார்த்தபோது கம்பியைப் பிடித்திருந்த அவள் கை தண்ணீரில் இருந்தது.

மணல்திட்டில் இறங்கியதும் கடல் எங்கள் காலுக்கே வந்தது. பீச் ரோட்டுச் சுவரிலிருந்து பார்த்த அதே கடல்தான். அங்கே அது பாறைகளோடு சண்டை போடும். இங்கே கூப்பிட்டது. அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, கணுக்கால் வரைக்கும்தான் என்று விதி சொன்னாள். ஐந்து நிமிடத்தில் முழங்கால் ஆயிற்று. அப்போது ஒரு அலை வந்து அவளைப் பின்னால் தள்ளியது. சேலையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப் போனேன். அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த அலை வந்தது, மடி வரைக்கும் ஏறி இறங்கியது. பாய் விரித்து உட்கார்ந்தவள் மாதிரி பக்கத்தில் மணலைத் தட்டிக் காட்டினாள்.

"வாங்க, உக்காருங்க. இங்க நல்லாருக்குது."

மூன்று பேரும் கடலுக்குள் உட்கார்ந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இன்றைக்கு என் மகளை அப்படி உட்கார விடுவேனா என்று கேட்டால், மாட்டேன். எந்த அலை எப்படி வரும் என்று அம்மாவுக்கும்தான் தெரியாது. ஆனால் நான் இதுவரை உட்கார்ந்த இடங்களிலேயே நல்ல இடம் அதுதான்.

பசித்தபோது மேட்டில் ஒரு பெண்மணி அடுப்பு மூட்டி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். கீற்று மறைப்புக்குள் நாலைந்து நாற்காலிகள். சங்கரா மீனை முழுசாகக் கீறி, மசாலா தடவித் தட்டில் அடுக்கியிருந்தாள். சங்கரா என்றுதான் எனக்கு நினைவு. அம்மாவைக் கேட்டால் கிழங்கா என்பாள். ஆளுக்கு ஒரு மீன் என்று அம்மா சொன்னாள். எங்கள் வீட்டில் மீன் எப்போதும் துண்டுதான், அதிலும் அம்மாவுக்கு வருவது வால் துண்டு. முழு மீன் ஒன்று அவள் தட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது.

"வீட்டுக்காரரு வரலையா?" என்று கேட்டாள் அந்தப் பெண்மணி, கரண்டியால் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே.

"அவுருக்கு இன்னிக்கு லீவு இல்ல."

"எங்க வேலை, கடலூரா?"

"ஆமா."

"அதான பாத்தேன். அந்தப் பக்கம் வேலை செய்யறவங்க பொண்டாட்டிங்கள்ளாம் இன்னிக்கு இங்கதான் இருக்காங்க."

அம்மா சுற்றிலும் பார்த்தாள். நானும் பார்த்தேன். உண்மையிலேயே அங்கே ஆண்கள் குறைவாகத்தான் இருந்தார்கள்.

அம்மா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். "மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை ஜாஸ்தி" என்றாள்.

"அப்ப வீட்ல போயி நல்லா செஞ்சி துன்னேன்" என்றாள் அந்தப் பெண்மணி.

"வீட்ல செஞ்சா நான்தான அடுப்புக்கிட்ட நிக்கணும். இது நல்லாதான் இருக்குது. இன்னொன்னு போடு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அம்மா இரண்டாவது மீனை முள் மட்டும் மிஞ்சும்படி தின்றாள். தம்பி நண்டு பிடிக்க ஓடினான். பிடித்தது நண்டு இல்லை, சிப்பி. அது நடக்கும் என்று ரொம்ப நேரம் காத்திருந்தான்.

அம்மாவிடம் கைக்கடிகாரம் கிடையாது. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் மணி கேட்டாள். மூன்றரைக்கே திரும்பும் படகின் வரிசையில் நின்றுவிட்டோம். ஆனால் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக வந்த புதுச்சேரி சாயந்திரம் ஒட்டுமொத்தமாகத் திரும்பியது. ஒரு படகு போனது, இரண்டு போனது. நாங்கள் நகரவே இல்லை என்று தோன்றியது. நாங்கள் கரை ஏறியபோது ஐந்தரை ஆகப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். அம்மாவின் சேலை காய்ந்து, உப்பு கோடு கோடாகத் தெரிந்தது.

சாலையில் நின்றோம். முதல் பேருந்து நிற்காமலே போயிற்று. இரண்டாவதில் படிக்கட்டுவரை ஆட்கள். மூன்றாவது நின்றது. முன்பக்கப் படியில் அம்மா எங்களை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். நெரிசலில் ஒரு கம்பியைப் பிடித்து நான் நின்றேன். பேருந்து கிளம்பிய குலுக்கலில் திரும்பினேன். அப்போதுதான் பின்பக்கம், மனிதர்களின் கைகளுக்கு இடையில், ஒரு நீலக் கட்டம் போட்ட சாப்பாட்டுப் பையைப் பார்த்தேன்.

அந்தப் பையை எனக்குத் தெரியும். அதைப் பிடித்திருந்த கையையும் தெரியும்.

அப்பா ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வெளி ஆள் ஒருவரைப் பார்க்கிற மாதிரி நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரோ ஒருவர் ரொம்பக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார், அவர் எங்கள் அப்பாவாகவும் இருந்தார்.

அப்போதுதான் எங்கள் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. நேரத்தைக் கணக்குப் போட்டோம், பொய்யைத் தயார் செய்தோம். ஆனால் நாங்கள் போனது கடலூர் சாலை. தினமும் அப்பா போய்வருகிற அதே சாலை. அப்பாவுக்குத் தெரியாமல் போவதற்கு நாங்கள் ஊரில் தேர்ந்தெடுத்த ஒரே வழி அப்பாவின் வழி.

"எம்மா" என்று அம்மாவின் சேலையை இழுத்தேன். "பின்னாடி பாரு. திரும்பாம பாரு."

அம்மா பார்த்தாள். அவள் முகத்தில் காலையில் இருந்த அந்த ஊசி முகம் திரும்பி வந்தது. அடுத்த நொடி தம்பியின் தலையைப் பிடித்துத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவன் பார்த்தால் பேருந்தே அதிரக் கூப்பிடுவான்.

நடத்துநர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "எங்கம்மா?"

"பஸ் ஸ்டாண்டு. ஒரு முழு, ஒரு அரை" என்றாள் அம்மா மிக மெல்லிய குரலில்.

"என்னாது? சத்தமா சொல்லு. பையனுக்கு எத்தன வயசு?"

அம்மா வாயைத் திறப்பதற்குள், இடுப்புக்குள்ளிருந்து தம்பி தலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தான். "எனக்கு அஞ்சரை!" என்று கத்தினான். வயதைக் கேட்டால் அரையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவன் கொள்கை.

முன்பக்கம் முழுவதும் சிரித்தது. "அப்ப ரெண்டு அரை" என்றார் நடத்துநர். நான் பின்னால் பார்த்தேன். அப்பாவின் தலை ஜன்னலை விட்டு எழும்பியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்து மறுபடி தூங்கியது.

அரியாங்குப்பம் போனது. முருங்கப்பாக்கம் போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அம்மா எங்கள் கையை இறுக்கினாள். முதலியார்பேட்டை தாண்டியதும் பேருந்து நின்றது. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். முன்னால் வண்டிகள் வரிசை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

எஞ்சின் சத்தம் நின்றால் பேருந்தில் தூங்குகிறவர்கள் விழித்துவிடுவார்கள். ஏன் என்று தெரியாது, ஆனால் விழித்துவிடுவார்கள். பின்னால் இரண்டு பேர் சோம்பல் முறித்தார்கள்.

"எறங்கு" என்றாள் அம்மா.

"இங்கயா?"

"எறங்குடி பாப்பா!"

முன்படியில் குதித்தோம். ஜன்னல்களின் பக்கம் திரும்பாமல், நின்ற வண்டிகளுக்கு இடையில் முன்னோக்கி நடந்தோம், பிறகு ஓடினோம். கேட்டின் ஓரத்தில் ஆட்கள் புகுந்து போகிற இடைவெளி இருந்தது. சைக்கிளுக்காகத் தெருமுனையில் நிற்கிற அம்மா அங்கே நின்று இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், மறுபடி இடப்பக்கம் பார்த்தாள்.

"ஏம்மா, புள்ளைங்கள வச்சிக்கிட்டு!" என்று கேட் கீப்பர் கத்தினார்.

"ரயிலு எங்கப்பா இருக்குது?"

"இன்னும் ஸ்டேஷன்லதான் நிக்கிது, அதுக்காக..."

அவர் முடிப்பதற்குள் நாங்கள் அந்தப் பக்கம் இருந்தோம். இந்த இடத்தை என் மகளுக்குச் சொல்லும்போது விட்டுவிடுவேன். கேட் திறக்கும்வரை காத்திருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பக்கம் ஆட்டோக்கள் நின்றன. அம்மா முதல் ஆட்டோவில் எங்களைத் தூக்கிப் போட்டாள். "சாரம். சீக்கிரம் போப்பா." எவ்வளவு என்று கேட்கவே இல்லை. அம்மா விலை கேட்காமல் ஒன்றைச் செய்தது அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆட்டோ திரும்பும்போது எங்களுக்குப் பின்னால் ரயில் கூவியது. அது கேட்டைக் கடந்து முடிப்பதற்குள் எங்களுக்கு ஐந்து நிமிடமாவது கிடைக்கும். அதற்கு மேல் அப்பா பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிளை எடுத்து வர வேண்டும். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஜெயிச்சிட்டோம்மா" என்றேன். காற்றில் அம்மாவின் தலைமுடி பறந்துகொண்டிருந்தது, அதை அவள் ஒதுக்கவும் இல்லை.

மாடிப்படியில் மதாம் சாவியோடு நின்றிருந்தார். "நான் இப்பவும் ஒன்னும் பாக்கல. கால்ல மண்ணு இருக்குது, கழுவிட்டு உள்ள போங்க" என்றார்.

அடுத்த பத்து நிமிடத்தில் நான் செய்த வேலைகளைப் போல இன்றுவரை எந்த வேலையையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. தம்பியைக் குளியலறைக்குள் தள்ளித் தலையில் தண்ணீர் ஊற்றினேன். ஈரத் துணிகளை வாளிக்குள் போட்டு மேலே அழுக்குத் துணியைப் பரப்பினேன். அவன் டவுசர் பையிலிருந்த சிப்பியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மா வேறு சேலை கட்டிக்கொண்டு டீக்குத் தண்ணீர் வைத்தாள். டிவியைப் போட்டேன். சைக்கிள் மணி கேட்டது.

அப்பா உள்ளே வந்ததும் தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"நாங்க எங்கயும் போகல."

யாரும் அவனை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அப்பா அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் டிவியில் ஓடிக்கொண்டிருந்த உர விளம்பரத்தைக் கவனமாகப் பார்த்தேன்.

அம்மா டீயோடு வந்தாள். அப்பாவிடம் கொடுத்தாள். பிறகு வழக்கம்போல உள்ளே போகாமல், அவருக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நாங்க போட்ல போயிட்டு வந்தோம்" என்றாள்.



"என்னா, கனவுலயா?" என்றார் அப்பா.

"இல்லீங்க. நோணாங்குப்பம். பஸ் ஸ்டாண்டுல உள்ள போனதும் எதுருலயே நிக்கிது கடலூரு பஸ்ஸு. பதினோரு மணிக்கெல்லாம் எறங்கிட்டோம். ஒரு மணி நேரம் வரிசை. சட்டையெல்லாம் குடுத்தாங்க, நானே வாரை இழுத்துக் கட்டுனேன். அந்தாண்ட மண்ணு மேல கடல்ல உக்காந்துருந்தோம். மீன் சாப்ட்டோம். நான் ரெண்டு சாப்ட்டேன்."

ஒன்றைக்கூட அவள் விடவில்லை. மஞ்சள் தூள் உட்பட. அப்பா டீயை வாய்க்குக் கொண்டுபோவதும் நிறுத்துவதுமாக இருந்தார். "புள்ளைங்களுக்கு ஒன்னும் ஆவலையே?" என்றார் முதலில். தம்பியைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "திரும்பி எப்பிடி வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஒங்க பஸ்ஸுலதான்."

டீ அப்படியே நின்றது.

"பின்னாடி, ஜன்னல் ஓரம் உக்காந்துருந்தீங்க. வாயத் தொறந்துக்கிட்டு தூங்கிட்டு வந்தீங்க. நோணாங்குப்பத்துலேருந்து கேட்டு வரைக்கும் ஒரே பஸ்ஸு."

அப்பா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பிக்கு அப்போதுதான் செய்தி தெரிந்தது. "அப்பா பஸ்லயா இருந்தாங்க?" என்று அவன் என்னை முறைத்தான்.

"எழுப்பியிருக்கலாம் இல்ல?" என்றார் அப்பா. குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

அம்மா டம்ளரைக் காட்டி, "ஆறிடும், குடிங்க" என்றாள்.

அவர் குடித்தார். நெடுநேரம் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில், "சரி. அடுத்த தடவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"நீங்களும் வாங்க" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். முதல் நாள் இரவு சிரித்த மாதிரி இல்லை. வேறு மாதிரி. அடுத்த வருடம் ஆகஸ்ட் பதினாறுக்கு அவர் கம்பெனியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களோடு வந்தார். பேருந்து நிலையத்தில் அம்மா முன்னால் நடந்தாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். அப்பா குளிக்கப் போனதும் அடுப்படிக்குப் போனேன். அம்மா காலையில் நறுக்கி வைத்த காயைத் தாளித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு பாடுபட்டேன்! தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது, துணியை மறைத்தது, டிவியைப் போட்டது, எல்லாவற்றையும் ஒரு டம்ளர் டீயில் வீணாக்கிவிட்டாள்.

"எல்லாத்தையும் நீயே சொல்லிட்ட. அப்புறம் ஏம்மா கேட்டுல எறங்கி ஓடியாந்தோம்? பஸ்லயே அப்பாவ எழுப்பியிருந்தா சீட்டாவது கெடச்சிருக்கும்."

அம்மா கரண்டியை நிறுத்தினாள்.

"எழுப்பியிருந்தா அப்பாதான் நம்மள வீட்டுக்குக் கூட்டியாந்திருப்பாரு" என்றாள்.

அதற்கு மேல் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் காயைக் கிளறத் தொடங்கிவிட்டாள், மெல்ல ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. பாட்டு மாதிரி இருந்தது. யார் கூட்டி வந்தால் என்ன, வந்து சேர்ந்திருப்பது இதே வீட்டுக்குத்தானே என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் சில நேரம் சரியாக யோசிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, தம்பியோடு டிவி பார்க்கப் போனேன்.